பதினான்கு நிமிடம்

மூன்று செயலிகள் என் போனில்.
இடம் போதவில்லை, எதையாவது அழி
என்கிறது போன்.

லங்னாவில் காலை ஐந்து ஐம்பது.
வீட்டுத் தாதியர் சேவையின் சின்ன வெள்ளைக் கார்.
கண்ணாடியில் உறைபனி. சுரண்டுவதற்கு
சூப்பர்மார்க்கெட் அட்டை.

முதலாவதுக்கு எல்லாம் தெரியும்,
நேற்று எந்த பேக்கரியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது உட்பட.
தமிழ் பேசும்.
தெருப்பெயர் வந்தால் மட்டும்
சுடுகிழங்கை வாய்க்குள் உருட்டும்.
அவசரக்குடுக்கை.
இரண்டு நிமிடம் மிச்சம் என்று ஒருநாள்
மரம் ஏற்றும் லொறிகளின் பாதையில் கொண்டுபோய் விட்டது.
எதிரே லொறி, பின்னால் சரிவு.
நேராகச் செல்லவும், என்றது.

இரண்டாவது ஊர்ச்செய்தி சுமக்கும் ஆள்.
எங்கே நெரிசல், எங்கே விபத்து,
எந்தப் புதருக்குள் பொலீஸ் கமெரா.
கடைசிச் சேதியைச் சொல்வது இந்த நாட்டில் குற்றம்,
எல்லை தாண்டியதும் அதை விழுங்கிவிடுகிறது.
ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில்
விடியுமுன் விழித்திருப்பது நானும் பால் வண்டியும்.
நாங்கள் இருவரும் ஒன்றும் எழுதி அனுப்புவதில்லை.
எனவே அதற்கு
எல்லா வீதியும் எப்போதும் சுகம்.

மூன்றாவது மிர்யெத்தா ஏற்றித் தந்தது.
விளம்பரம் இல்லை. நெட் வேண்டாம்.
ட்ரூபுக்கு மேலே சிக்னல் செத்த பிறகும்
நீலப்புள்ளி ஊர்ந்துகொண்டிருக்கும்.
மாட்டுக் கொட்டிலின் பின்வாசல்கூட அதில் உண்டு.
பாலம் மூடி மூன்று கிழமை என்பது மட்டும் இல்லை.
சுற்றிப் போனால்
திரும்பு, திரும்பு என்று
கடைசிவரை மன்றாடும்.

அழிக்கலாம் என்று விரலை வைத்தபோதுதான்
டானியேலாவின் நினைவு வந்தது.

எங்கள் அட்டவணை போடுபவள். அவளிடம் இருப்பது முதலாவது.
கெர்பர் வீட்டிலிருந்து ரெகுலா ஏஷ்லிமான் வீட்டுக்கு
ஒன்பது நிமிடம் என்கிறது அவள் திரை.
ஒன்பதுக்குத்தான் சம்பளம்.
மீதியை நான்
கெர்பரின் இறுக்கக் காலுறையிலிருந்து உருவ வேண்டும்,
இல்லையென்றால் ரெகுலாவின் குளியலிலிருந்து.

ஒரு கிழமை
புறப்படுமுன் மூன்றையும் கேட்டேன்,
போய்ச் சேர்ந்ததும் மணிக்கூட்டைக் கேட்டேன்.
மருந்துக்கடைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதினேன்:

திங்கள். ஒன்பது, ஒன்பது, பதினொன்று. உண்மையில் பதினான்கு.
செவ்வாய். அதே. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பதினேழு.
புதன். மூடுபனி. நீலப்புள்ளி இல்ஃபிஸ் ஆற்றுக்குள் நின்றது,
நான் நனையவில்லை. பதினான்கு.
வியாழன் எழுத மறந்தேன்.
வெள்ளி, பதினான்கு.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் டானியேலா.
எந்த அப்?
அப் இல்லை. நான் ஓட்டினேன்.
சற்று யோசித்து, பன்னிரண்டு என்று தட்டினாள்.
பேரம் பேச
அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்று கதவைத் திறக்கையில்
ரெகுலாவின் சக்கரநாற்காலி ஜன்னலோரம்.
மேசையில் கோப்பி, ஆவி பறக்க.
எப்படிச் சரியாக, என்றேன்.
எதிர் மேட்டில் உன் விளக்கு வளைந்ததும் பொத்தானை அமுக்குவேன்.
இன்று கொஞ்சம் வேகமாக வந்தாய்,
நேற்று ஆறவிட்டுவிட்டாய்.

அவள் வலது கையை மெல்ல நீட்டி மடக்கி
மாத்திரைகளை எண்ணி வைத்த பின்
போன் மறுபடி அதிர்ந்தது. இடம் போதவில்லை.

மூன்றும் இருக்கட்டும்.
மகன் ஆரூரன் என் போனில் ஏற்றி வைத்த
கார்ப் பந்தய விளையாட்டை அழித்தேன்,
நூற்றிருபதாம் கட்டத்தில் இருந்தானாம்.

மாலை வீடு போய்ச் சேர
இருபத்தியிரண்டு நிமிடம், என்கிறது முதலாவது.
இருபத்தியிரண்டு, இரண்டாவதும்.
பாலத்தால் போகச் சொல்கிறது மூன்றாவது.